ஒரு டிரைவரின் வரலாறு: தேனி மலையிலிருந்து தனுஷ்கோடிக் கரை வரை

டிரைவர்னதும் ராம்நாடு – ராமேஸ்வரம் பஸ் ஓட்டுற அண்ணன் கதைன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது கம்ப்யூட்டர் டிரைவர் கதை. அதுக்காக ஓடிப் போயிடாதீங்க. கதையில தேனி வருது, கண்ணாஸ்பத்திரி வருது, பாம்பன் பாலம் வருது, கடைசியில நம்ம கடற்கரையும் வருது. பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற வைஃபை சிப்புக்கு நாம பேசுறது புரியாது. இன்ன அலைவரிசையில பேசு, இவ்வளவு சத்தமா பேசு, பதில் வர இவ்வளவு நேரம் காத்திருன்னு அதுக்குப் புரியற மொழியில சொல்ல ஒரு நிரல் வேணும். அதுதான் டிரைவர். லினக்ஸ்ல இது கெர்னல்ங்கிற உட்கருவோட சேர்ந்து ஓடும். டிரைவர் சரியில்லைன்னா, பத்தாயிரம் ரூபாய் கார்டா இருந்தாலும் அது வெறும் தகரம்தான்.

2000-களோட ஆரம்பத்துல லினக்ஸ் வச்சிருந்த பழைய பதிவர்களுக்கு இந்த வலி நல்லாத் தெரியும். விண்டோஸ் டிரைவரை அப்படியே தூக்கிட்டு வந்து லினக்ஸுக்குள்ள ஓட்டுற என்டிஸ்ராப்பர்னு ஒரு சமாச்சாரம் இருந்துச்சு. ஓடினா அதிர்ஷ்டம், ஓடலைன்னா ஒயரைத் தேடணும்.

கத்திக் கூப்பிடுற கணக்கு

வைஃபை தரம் 1997-ல வந்தப்ப அது வீடு, ஆபீஸ், காலேஜ் வளாகம் இதுக்காகத்தான். ஒரு பாக்கெட் அனுப்பினா, வாங்கினவன் உடனே "வந்துருச்சு"ன்னு ஒரு சின்ன ஒப்புதல் அனுப்பணும். அது வரலைன்னா, தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சு அனுப்பினவன் திரும்ப அனுப்புவான். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு நாட்டுப்படகுல இருந்து பேசிக்கிற மாதிரி. "ஓய்"னு கூப்பிட்டா "என்னா"ன்னு உடனே சத்தம் வரும்.

படகு ரெண்டும் தூரமாப் போனா? ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில (விநாடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு) 300 மீட்டர் போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர். போக 100 மைக்ரோ விநாடி, பதில் திரும்பி வர இன்னொரு 100. ஆனா டிரைவர்ல இருந்த காத்திருப்பு நேரம் சில கிலோமீட்டருக்குத்தான் தாங்கும். பதில் வந்துக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள இவன் பொறுமை இழந்து மறுபடியும் கத்துவான். அவனோட பதிலும் இவனோட கத்தலும் மோதிக்கும். கடைசியில ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கேக்காது.

சரி, காத்திருப்பு நேரத்தைக் கூட்டிட்டா? அப்பவும் முழுசாத் தீராது. 1500 பைட் பாக்கெட்டை 54 மெகாபிட் வேகத்துல அனுப்ப சுமார் 222 மைக்ரோ விநாடி ஆகும். 30 கிலோமீட்டர்ல பதிலுக்குக் காத்திருக்கிறது மட்டும் 200. பாதி நேரம் பேசாம வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கணும்.

இன்னொண்ணு. வைஃபை பேசுறதுக்கு முன்னாடி காது கொடுத்துக் கேக்கும், யாரும் பேசலைன்னா பேசும். 30 கிலோமீட்டர் தூரத்துல நீங்க கேக்கிற அமைதி 100 மைக்ரோ விநாடி பழசு. அங்க இருக்கிறவன் ஏற்கனவே பேச ஆரம்பிச்சிருப்பான். மறுபடியும் மோதல்.

இது எல்லாமே டிரைவரும் சிப்பும் சேர்ந்து எடுக்கிற முடிவு. ஆன்டெனாவை எவ்வளவு பெருசா வச்சாலும் இது மாறாது. டிரைவரைத் திறந்து கை வைக்கணும்.

தேனிக்கு ஏன் போகணும்?

எங்க ராமநாதபுரம் பக்கம் கண்ணு ஆபரேஷன்னா மதுரைதான். என் அப்பத்தாவுக்கும் அங்கதான். 1976-ல டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல தேனியில கிளை திறந்துச்சு. ஆனா பஸ் ஏறி டவுன் வரைக்கும் வர்ற காசும் ஒரு நாள் கூலியும் இல்லாதவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அவங்களுக்காகக் கிராமத்துலயே விஷன் சென்டர் வைக்கலாம்னு யோசிச்சாங்க. அங்க பயிற்சி எடுத்த பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பாங்க, தேனியில இருக்கிற டாக்டர் வீடியோவில நோயாளிகூடப் பேசுவார்.

வீடியோவுக்கு இணைப்பு வேணுமே? அப்ப கிராமத்துல அகலப்பாட்டை கிடையாது. போன் லைன்ல டயல்-அப் போட்டு வீடியோ பேசுறதுங்கிறது பனைமரத்துல தேங்காய் தேடுற கதை.

அப்பதான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவர் நடத்திக்கிட்டிருந்த டியர்ங்கிற ஆய்வுக்குழு அரவிந்தோட சேர்ந்துச்சு. மலிவா கடையில கிடைக்கிற வைஃபை கார்டு, சின்ன லினக்ஸ் பலகை, வலை மாதிரி கம்பி போட்ட கிண்ண ஆன்டெனா. இதை வச்சு ஊருக்கு ஊர் இணைப்பு. தேனியைச் சுத்தி ஐந்து விஷன் சென்டர். மொத்தம் 11 வயர்லெஸ் ரவுட்டர், அதுல 5 நடுவுல நின்னு கைமாத்தி விடுறது. ஒவ்வொரு இணைப்பும் 1 கிலோமீட்டர்ல இருந்து 15 கிலோமீட்டர் வரைக்கும்.

அந்த நேரத்துல சட்டமும் கைகொடுத்துச்சு. 2005 ஜனவரியில மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறிப்பிட்ட சக்திக்குள்ள இருந்தா வெளியிலயும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு விதி போட்டுச்சு. தனி ஆளுக்கும் சின்ன அமைப்புக்கும் வானம் கொஞ்சம் திறந்த வருஷம் அது.

பாம்பன் பாலம் முறை

மோதலுக்கு அவங்க கண்டுபிடிச்ச தீர்வை எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரே வரியில சொல்லிடலாம்: பாம்பன் ரயில் பாலம். 1914-ல திறந்த பழைய பாலம், ஒத்தைத் தடம். மண்டபத்துல இருந்து ஒரு வண்டி முழுசா வந்து சேரும். அப்புறம்தான் இங்கிருந்து ஒண்ணு போகும். பாலத்து நடுவுல நின்னு "நீ வர்றியா, நான் வரட்டா"ன்னு யாரும் கேட்டுக்கிட்டிருக்க மாட்டாங்க.

அதே மாதிரி நேரத்தைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. இத்தனை மில்லி விநாடி நீ, இத்தனை மில்லி விநாடி நான். காது கொடுத்துக் கேக்கிற வேலையே வேணாம், அதை அணைச்சாச்சு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒப்புதல் வேணாம், ரயில் பெட்டி மாதிரி மொத்தமா அனுப்பு, மொத்தமா ஒரு ஒப்புதல் வாங்கு. கொஞ்சம் தொலைஞ்சாலும் மறுபடி கேக்காம சரிபண்ண உபரித் தகவலைச் சேர்த்து அனுப்பு.

இதுக்கு வைல்ட்நெட்னு பேர் வச்சாங்க. ரபின் பத்ரா, லக்ஷ்மிநாராயணன் சுப்ரமணியன், ப்ரூவர் உள்ளிட்டவங்க எழுதிய ஆய்வுக்கட்டுரை 2007-ல வந்துச்சு. வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம்.

இந்த யோசனை முழுக்க வெளியூர்ச் சரக்கும் இல்லை. ஐ.ஐ.டி. கான்பூர்ல பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு ரெண்டு பேரும் கங்கைச் சமவெளியில நீண்டதூர வைஃபை போட்டுப் பார்த்து, 2005-லயே 2பி-ங்கிற முறையை வெளியிட்டாங்க. ஒரு கோபுரத்துல நாலு ஆன்டெனா இருந்தா, ஒண்ணு கத்தும்போது பக்கத்துல இருக்கிறதுக்குக் காது அடைச்சிடும். அதனால எல்லாம் சேர்ந்து பேசட்டும், அப்புறம் எல்லாம் சேர்ந்து கேக்கட்டும். சிம்பிள்! அவங்க கை வச்சது ஹோஸ்ட்-ஏபிங்கிற லினக்ஸ் டிரைவர்ல.

டியர் குழு மாத்தின டிரைவரை வச்சு 2007-ல வெனிசுவேலாவுல எர்மன்னோ பியட்ரோசெமோலி 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு போட்டார். ரெண்டு பக்கமும் சேர்த்து 6 மெகாபிட் கிட்ட. ராமநாதபுரத்துல இருந்து நேர்கோட்டுல போனா சென்னையையே நெருங்கிடலாம்!

பூட்டின டப்பா

இப்ப வில்லன் என்ட்ரி.

டியர் குழு பயன்படுத்தினது அதெரோஸ் கம்பெனி சிப். அதுக்கு லினக்ஸ்ல இருந்த டிரைவர் மேட்வைஃபை. அதுல பாதி திறந்த நிரல். மீதி, சிப்போட நேரடியாப் பேசுற அடிப்பகுதி, ஹால்னு பேர், இயந்திர மொழியில மூடின டப்பாவாத்தான் வரும். திறந்து பார்க்க முடியாது, மாத்த முடியாது. காரணம்னு அவங்க சொன்னது ரேடியோ சட்டம். உள்ள திறந்து விட்டா யார் வேணா எந்த அலைவரிசையிலயும் எவ்வளவு சக்தியிலயும் ஒலிபரப்பிடுவாங்கன்னு.

காரணத்துல கொஞ்சம் நியாயம் இருக்குன்னே வச்சுக்குவோம். ஆனா விளைவு என்ன? டப்பாவோட மூடியில எந்தெந்த ஓட்டை இருக்கோ அது வழியாத்தான் கை விட முடியும். இதைவிடப் பெரிய விளைவு, மூடின டப்பா ஒட்டிக்கிட்டிருக்கிற டிரைவரை லினக்ஸ் கெர்னலுக்குள்ள சேர்த்துக்க மாட்டாங்க. மேட்வைஃபை கடைசி வரைக்கும் வாசல்லயே நின்னுச்சு.

வாசல்ல நின்னா என்னங்கறீங்களா? கெர்னல் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை மாறும். உள்ளே இருக்கிற டிரைவரை, மாத்துறவனே சேர்த்துச் சரி பண்ணிடணும், அதுதான் வீட்டு விதி. வெளியில இருக்கிறதுக்கு நாதி கிடையாது. ஒவ்வொரு தடவையும் யாராவது உக்காந்து ஒட்டுப் போடணும்.

2007, 2008: கதவு திறந்த கதை

இந்தப் பக்கம் ஓப்பன்-பிஎஸ்டி உலகத்துல ரெய்க் ஃப்ளோட்டர்ங்கிறவர் அதெரோஸ் சிப் எப்படி வேலை செய்யுதுன்னு வெளியில இருந்தே நோண்டிப் பார்த்து, சொந்தமா ஒரு திறந்த ஹால் எழுதிட்டார். அதை லினக்ஸுக்குக் கொண்டு வரலாமா, திருட்டுன்னு கேஸ் போட்டா என்ன பண்றதுன்னு பயம். மென்பொருள் சுதந்திர சட்ட மையம் வரி வரியா ஆராய்ஞ்சு, 2007-ல பிரச்சினை இல்லைன்னு சொல்லிடுச்சு. மேட்வைஃபை குழுவே, இனி எங்க கவனம் புது டிரைவர் மேலன்னு அறிவிச்சாங்க. அந்தப் புது டிரைவர்தான் ஆத்5கே. 2008 ஏப்ரல்ல வந்த 2.6.25 கெர்னல்ல உள்ளே நுழைஞ்சுது.

அதுக்குள்ள வீட்டையும் மராமத்து பண்ணியிருந்தாங்க. முன்னாடி ஒவ்வொரு டிரைவரும் வைஃபை விதிகள் மொத்தத்தையும் தனித்தனியா எழுதி வச்சிருந்துச்சு. ஊர்ல வீட்டுக்கு வீடு தனி மாவு மில் வச்ச மாதிரி. டிவைஸ்ஸ்கேப்ங்கிற கம்பெனி தன்னோட வைஃபை அடுக்கை தானமாக் கொடுத்துச்சு. அதைச் சீர்படுத்தி மேக்80211-ங்கிற பொது அடுக்கா 2007 ஜூலையில 2.6.22-ல சேர்த்தாங்க. இனி டிரைவர் தன் சிப் சமாச்சாரத்தை மட்டும் பார்த்தாப் போதும். பொது விதி எல்லாம் ஒரே இடத்துல. ஒரு இடத்துல பழுது பார்த்தா எல்லா டிரைவருக்கும் குணமாகும். ஜான் லின்வில், ஜோஹன்னஸ் பெர்க் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா இதுல உழைச்சாங்க.

2008 ஜூலையில ஆச்சரியம். அதெரோஸே தன்னோட புது சிப்புகளுக்கு, டப்பா எதுவும் இல்லாத முழுத்திறந்த டிரைவரை வெளியிட்டுச்சு. அதுதான் ஆத்9கே. அக்டோபர்ல வந்த 2.6.27-லயே உள்ளே போயிடுச்சு. அதே வருஷம் பழைய ஹாலோட மூல நிரலையும் திறந்து விட்டாங்க. அப்ப சட்டப் பயம் என்னாச்சு? ஒண்ணும் ஆகலை. எந்த நாட்டுல எந்த அலைவரிசை, எவ்வளவு சக்திங்கிற பட்டியலை எல்லாருக்கும் தெரியிற மாதிரி பொதுவா வச்சு, கெர்னலே அதைக் கடைப்பிடிக்கிற மாதிரி பண்ணிட்டாங்க.

இதுல நமக்குக் காலரைத் தூக்கி விட்டுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அதெரோஸுக்குச் சென்னையில அலுவலகம் இருந்துச்சு. கெர்னலோட பராமரிப்பாளர் பட்டியல்ல ஆத்9கே பக்கத்துல லூயிஸ் ரோட்ரிகஸ், யோனி மாலினன் பேரோட வசந்தகுமார் தியாகராஜன், செந்தில் பாலசுப்ரமணியன் பேரும் இருந்துச்சு. நம்ம பசங்க சர்வீஸ் வேலைதான் செய்வாங்க, கெர்னல் எல்லாம் வெள்ளைக்காரன் எழுதுறதுன்னு சொல்ற ஆட்கள்கிட்ட இந்தப் பட்டியலைக் காட்டுங்க. :-)

அப்ப தேனி டிரைவர் என்னாச்சு?

இந்தப் பதிவை எழுதினதே இந்தக் கேள்விக்காகத்தான்.

வைல்ட்நெட் மாற்றங்கள் மேட்வைஃபை மேல கட்டினது. மேட்வைஃபை வாசல்ல நின்ன டிரைவர். 2008-க்கு அப்புறம் அந்த மரம் பட்டுப்போச்சு, மேல கட்டின குருவிக்கூடும் அதோட போச்சு. ஆயிரக்கணக்கான கிராமத்து நோயாளிகளை டாக்டர்கிட்ட கொண்டு போய்ச் சேர்த்த நிரல் லினக்ஸோட மூல மரத்துக்குள்ள போகவே இல்லை. இன்னைக்கு ஒருத்தர் புது ரவுட்டர் வாங்கி அதே பாம்பன் பாலம் முறையைப் போடணும்னா, ஆய்வுக்கட்டுரையைப் படிச்சு முதல்ல இருந்து எழுதணும்.

ஆனா உள்ளே சேர்த்த சின்ன வேலைகள் நின்னுச்சு. 2009 கடைசியில லூகாஷ் டுரெக்ங்கிறவர் ஒரு சின்ன ஒட்டு அனுப்பினார். எதிராளி எவ்வளவு தூரத்துல இருக்கார்னு மீட்டர்ல சொன்னா, டிரைவரே காத்திருப்பு நேரத்தைக் கூட்டிக்கும். மேக்80211 பொது அடுக்குல ஒரு கொக்கி, ஆத்5கே-யில கொஞ்சம் நிரல். 2010-ல 2.6.34-ல வந்துச்சு. அப்புறம் ஆத்9கே-க்கும் வந்தது. சுமார் 114 கிலோமீட்டர் வரைக்கும் சொல்லலாம். 2014-ல லொரென்சோ பியான்கோனி அடுத்த படி போனார். தூரத்தை நீங்க சொல்லவே வேணாம், பதில் வர்ற நேரத்தை அளந்து ஆத்9கே தானே கண்டுபிடிச்சுக்கும்.

வைல்ட்நெட்டோட ஒப்பிட்டா இது கால்வாசிகூட இல்லை. மோதலைத் தீர்க்காது, மொத்தமா ஒப்புதல் வாங்காது. ஆனா இன்னைக்கும் உயிரோட இருக்கு. 2011-ல அதெரோஸைக் குவால்காம் வாங்கிருச்சு. கம்பெனியோட கவனம் அடுத்தடுத்த சிப்புக்குப் போச்சு. ஆனாலும் ஆத்9கே சாகலை. டோக்கே ஹோய்லாண்ட்-ஜோர்கன்சன் மாதிரி அந்தக் கம்பெனிக்கு வெளியில இருந்தவங்க வந்து, ஒரு மெதுவான ஆள் எல்லார் நேரத்தையும் சாப்பிடுற பழைய வியாதியை 2016, 2017 வாக்குல சரி பண்ணினாங்க. உள்ளே இருந்ததால மட்டுமே இது நடந்துச்சு.

உள்ளே போனாலும் ஆயுள் கெட்டின்னு சொல்ல முடியாது. கான்பூர்க்காரங்க கை வச்ச ஹோஸ்ட்-ஏபி டிரைவர் 2005-ல கெர்னலுக்குள்ள வந்துச்சு. 2023 அக்டோபர்ல, அந்தக் கார்டு இப்ப யார்கிட்டயும் இல்லை, பராமரிக்கவும் ஆள் இல்லைன்னு ஓரினோக்கோ உட்பட ஒரு கூட்டப் பழைய டிரைவர்களோட சேர்த்து நீக்கச் சொல்லி ஒட்டு வந்துச்சு. 2024 கெர்னல்ல அது இல்லை. பதினெட்டு வருஷம் வாழ்ந்து, கல்யாணச் சாவு. புலம்ப ஒண்ணுமில்லை. மேட்வைஃபைக்கும் வைல்ட்நெட்டுக்கும் கிடைச்சது அகால மரணம். அதுதான் வித்தியாசம்.

நம்ம கரைக்கு வருவோம்

தேனிக்கு மலை இருக்கு. மேட்டுல ஒரு கம்பம் நட்டா ஊர் தெரியும். நம்ம ராமநாதபுரம் சீமை தட்டையான பூமி. 30 கிலோமீட்டருக்கு நடுவுல பூமியோட வளைவே சுமார் 13 மீட்டர் எழும்பி நிக்கும். அதுக்கு மேல அலை விரிஞ்சு போக இன்னும் 18 மீட்டராவது காலி இடம் வேணும். ஆக ரெண்டு பக்கமும் 31 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட பத்து மாடி. ஆனா 2005 விதிப்படி லைசென்ஸ் இல்லாம வைக்கிற ஆன்டெனா, ஏற்கனவே இருக்கிற கட்டடத்து மாடிக்கு மேல 5 மீட்டர்தான் போகலாம். ராமேஸ்வரத்துல தூர்தர்ஷனுக்காக 323 மீட்டர்ல கோபுரம் கட்டினது ஏன்னு இப்பப் புரியுதா?

போதாததுக்கு உப்புக்காத்து, கடல் தண்ணியில பட்டுத் திரும்புற அலை, மின்னல். தேனி அனுபவத்தை அந்தக் குழு 2008-ல எழுதினப்ப, பழுதுல பெரும்பகுதி மோசமான கரண்டால வந்ததுன்னுதான் சொன்னாங்க. அதை அவங்க தாண்டினது ஒரு விஷயத்தால: பக்கத்துல இருக்கிற ஆளுக்கே பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்தாங்க.

எனக்கு முக்கியமாப் படறதும் அதுதான். கடற்கரை கிராமத்துல ஒரு இணைப்பு நின்னு போச்சுன்னா சரி பண்ணப் பக்கத்துலயே ஆள் வேணும். படகு இன்ஜினை நம்ம ஊர் மெக்கானிக் பிரிச்சு மாட்டறார்ல? உள்ளே என்ன இருக்குன்னு கண்ணுல படறதாலதான் அது முடியுது. டிரைவருக்கும் அதே நியாயம்தான். திறந்திருந்தா மட்டும் போதாது, பொது வீட்டுக்குள்ள வந்து சேரணும். இல்லைன்னா எழுதினவர் வேற வேலைக்குப் போன அன்னைக்கே அது செத்துடும்.

ஒரு பெரிய பல்கலைக்கழகம், உலகப்புகழ் பேராசிரியர், அருமையான நிரல், உண்மையான நோயாளிகள்... இவ்வளவு இருந்தும் நிலைக்கலை. எங்கேயோ ஒருத்தர் அனுப்பின ஒட்டு நிலைச்சிருக்கு. நிரல் எழுதுற நம்ம பதிவர்கள் இதை மட்டும் மனசுல வைங்க. ஆபீஸ்லயோ காலேஜ் ப்ராஜெக்ட்லயோ ஒரு திறந்த நிரலைச் சரி பண்ணினா, உங்க பொட்டியிலயே வச்சிக்கிட்டு உக்காராதீங்க. மேல அனுப்புங்க. நாலு தடவை திருப்பி அனுப்புவாங்க, இடைவெளி சரியில்லை, விளக்கம் போதலைன்னு குறை சொல்லுவாங்க. திருத்தித் திரும்ப அனுப்புங்க.

பி.கு. 1: தனுஷ்கோடி – தலைமன்னார் கணக்கு வெறும் கணக்குதான். யாரும் ஆன்டெனாவைத் தூக்கிக்கிட்டு அரிச்சல்முனைக்குப் போயிடாதீங்க, கடலோரக் காவல்படை அண்ணன்களுக்கு மேக்80211 தெரியாது. :-)

பி.கு. 2: தேனிப் பக்கத்துல அந்த விஷன் சென்டர்ல கண்ணு காட்டினவங்க, அந்தக் கம்பி ஆன்டெனாவை மொட்டைமாடியில பார்த்தவங்க யாராவது படிச்சீங்கன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. டாக்டர் திரையில தெளிவாத் தெரிஞ்சாரா?